பின்னால் விழாத பெட்டி

அத்தியாயம் ஐந்து

"ஏனுங்க சாமி, இந்தப் பூசணிக்காய்க்கும் சேத்து வாடகை குடுக்கோணுமா? இல்லே, மடியில வெச்சுக்கிட்டா சும்மா உட்டுருவாங்களா?" என்று கேட்டான் ரத்தினசாமி.

துப்பறியும் கேசவமூர்த்தி தேவராஜ மார்க்கெட் வாசலில், பத்து பேர் வேடிக்கை பார்க்க, ஒரு ஜட்காவின் பின்படியில் நின்றுகொண்டு பெரிய பூசணிக்காய் ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ஹைஸ்கூலில் விஞ்ஞான வாத்தியாராக இருந்த மனுஷர். பழைய மாணவன் எவனாவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பான் என்ற கவலையெல்லாம் மனைவி இறந்த வருஷத்தோடு போய்விட்டது. ராத்திரி வீட்டுக்குப் போனால் "எங்கே போயிட்டு வரேள்?" என்று கேட்க ஆள் இல்லாதவருக்கு வெட்கம் ஒரு கேடா?

ரத்தினசாமி கொள்ளேகாலத்துக்காரன். நாடகக் கம்பெனியில் கோமாளி வேஷம் கட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனி நொடித்துப்போனதும் இவரிடம் உதவியாளாக ஒட்டிக்கொண்டான். சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் வாய் மட்டும் ஓயாது. அந்த வாய் இல்லாவிட்டால் கேசவமூர்த்தியின் மாடி அறையில் நாள் முழுக்கச் சுவர்க்கடிகாரம்தான் பேசிக்கொண்டிருக்கும். அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லிக்கொள்வதில்லை.

விஷயம் இதுதான். அக்ரஹாரத்தில் தனியாக இருக்கும் லக்ஷ்மம்மாள் என்ற விதவை, போன வெள்ளிக்கிழமை தன் நகைகளை ஒரு பித்தளைப் பெட்டியில் வைத்து, மெருகு போட ஆசாரியிடம் கொடுக்கலாம் என்று தொட்டையனின் ஜட்காவில் புறப்பட்டாள். பெட்டியைப் பக்கத்தில் பின்னோரமாக வைத்திருந்ததாகச் சொன்னாள். மார்க்கெட் வாசலில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியது. ஓட்டமாக வந்த குதிரையைத் தொட்டையன் இழுத்துப் பிடித்தான். வண்டி சடாரென்று நின்றது. "ஐயோ, என் பெட்டி! பின்னாலே விழுந்துடுத்து!" என்று லக்ஷ்மம்மாள் கத்தினாள். ஜனங்கள் ஓடி வந்து பார்த்தார்கள். தெருவில் பெட்டியும் இல்லை, கிட்டியும் இல்லை.

தொட்டையனின் கூட்டாளி எவனோ பின்னால் வந்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கவேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர் பசவராஜ். தொட்டையனைப் பிடித்து உள்ளே போட்டாகிவிட்டது. நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். திருட்டுப் பட்டம் ஏறிவிட்டால் ஜட்கா ஓட்டுகிற லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் வண்டி ஏது, குதிரை ஏது, சோறுதான் ஏது?

லக்ஷ்மம்மாளின் ஒரே பிள்ளை திருநாராயணன் கல்கத்தாவில் பெரிய உத்தியோகம். அவன்தான் அன்று காலை கேசவமூர்த்திக்குத் தந்தி அடித்திருந்தான். 'அம்மாவின் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். நாளைக்குள் கிடைக்காவிட்டால் நானே புறப்பட்டு வருகிறேன்' என்று.

"ரத்தினசாமி, நீதான் லக்ஷ்மம்மாள். உள்ளே ஏறு" என்றார் கேசவமூர்த்தி.

"பொம்பளை வேஷம் கட்டி வருஷமாச்சுங்க" என்று துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டான் அவன். "ஐயோ, என் பெட்டி போச்சே, என் பொழப்பும் போச்சே!"

பூக்காரி தேவம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜட்காவை ஓட்டியவன் சித்தையன், தொட்டையனின் தம்பி. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் உள்ளே போனதிலிருந்து அண்ணனின் குதிரை புல்லைத் தொடமாட்டேன் என்கிறது, பொழுதுக்கும் வாசலையே பார்க்கிறது என்று வரும்போதே சொல்லியிருந்தான்.

"சித்தையா, அன்னிக்கு உங்க அண்ணன் வந்த வேகத்துலேயே வா. நான் கையைத் தூக்கினதும் இழுத்துப் பிடிச்சு நிறுத்து."

வண்டி தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி ஓட்டமாக வந்தது. கேசவமூர்த்தி கையைத் தூக்கினார். சித்தையன் லகானை இழுத்தான். குதிரை கால்களை ஊன்றி நின்றது. வண்டி நின்றது. வண்டிக்குள் இருந்ததுதான் நிற்கவில்லை. ரத்தினசாமி முன்னால் பாய்ந்து சித்தையனின் பின்கழுத்துப் பொடனியில் நெற்றியை முட்டிக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் பின்னோரமாக வைத்திருந்த பூசணிக்காய், 'நானும் வரேன்' என்று உருண்டு வந்து சித்தையனின் இடுப்பில் இடித்து நின்றது.

"அட சாமி! பொடனி அவனுக்கு, வீக்கம் எனக்கா?" என்று ரத்தினசாமி நெற்றியைத் தடவினான்.

"பார்த்தியா? வண்டி நின்னுடுத்துங்கற சேதி உள்ளே இருக்கற பொருளுக்கு உடனே போய்ச் சேராது. அது பாட்டுக்குப் போயிண்டே இருக்கும். எதுலயாவது இடிச்சாத்தான் நிக்கும்."

"பித்தளைப் பெட்டி உருளுமுங்களா?"

"உருளாது, சறுக்கும். ஜமுக்காளம் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தலாம். அப்படி நின்னா இருந்த இடத்துல இருக்கும், இல்லேன்னா முன்னாலே வரும். பின்னாலே போக வழியே கிடையாது. சித்தையா, இப்ப சாட்டையைச் சொடுக்கிச் சட்டுனு கிளம்பு."

சித்தையன் சொடுக்கினான். குதிரை துள்ளிப் பாய்ந்தது. வண்டி முன்னால் போயிற்று, பூசணிக்காய் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்தது. மறு நிமிஷம் பின்பக்கமாக நடுத்தெருவில் விழுந்து நாலு துண்டாயிற்று. எங்கிருந்தோ ஒரு மாடு வந்து, ஆராய்ச்சியின் மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்தது.

ஜட்காவில் போகிறவர்களுக்கு இந்த ஊரில் பின்பக்கம் என்றாலே பயம். கிளம்புகிற வேகத்தில் யாராவது ஒருத்தர் பின்னால் விழுந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் வண்டி குலுங்கிற்று, பெட்டி பின்னால் விழுந்தது என்றதும் ஊரே நம்பிவிட்டது. குலுக்கல் கிளம்பும்போதா, நிற்கும்போதா என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"பலே மேஷ்ட்ரே!" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டத்தில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் பசவராஜ்தான். பழைய வாத்தியாரை 'மேஷ்ட்ரே' என்றுதான் கூப்பிடுவார்; கன்னடமும் தமிழுமாகக் கலந்து அடித்தார். "நான் கூட்டாளியைத் தேடித்தேடி செருப்புத் தேஞ்சுபோச்சு. இப்பத்தானே புரியுது! பெட்டி பின்னாலே போகல, முன்னாலே வந்திருக்கு. தொட்டையன் காலடியில வந்திருக்கு. புல்லு சாக்குல போட்டுட்டான். கூட்டாளியே இல்லைரீ! நாளைக்குக் கோர்ட்டுல நீங்களே வந்து இதைச் சொல்லணும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். சித்தையன் லகானைக் கையில் சுற்றிக்கொண்டே கேசவமூர்த்தியை ஒரு பார்வை பார்த்தான்.

"நல்லாத் துப்பறிஞ்சோம் போங்க" என்றான் ரத்தினசாமி. "கயித்தை நாமளே திரிச்சுத் தொட்டையன் கழுத்துல மாட்டிட்டு வந்தாச்சு."

கேசவமூர்த்தி வண்டிப்படியில் காலை வைத்தார். "ஸ்டேஷனுக்குப் போலாம். தொட்டையனைப் பார்க்கணும்" என்றார்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் தொட்டையன் குந்தியிருந்தான். ஹனூர்ப் பக்கத்து ஆள், நடு வயசு. இவர்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"தொட்டையா, அன்னிக்குப் பெட்டியைக் கண்ணால பார்த்தியா?"

"இல்லீங்க சாமி. நான் குதிரையைப் புடிச்சுக்கிட்டு முன்னால நின்னேன். அம்மா அவங்களா ஏறி உக்காந்துட்டாங்க. வெள்ளிக்கிழமையானா அம்மாவுக்கு நாந்தானுங்க வண்டி. எத்தனையோ வருஷமா."

"வண்டியில என்ன பேசுவா?"

தொட்டையனின் முகம் கொஞ்சம் இளகியது. "அம்மா பேசிக்கிட்டே வருவாங்க, நான் கேட்டுக்கிட்டே ஓட்டுவேன். மகன் சின்னதுல எப்பிடிக் குறும்பு பண்ணுச்சு, எதுக்கு அழுதுச்சு, எல்லாம் எனக்கு அத்துபடிங்க. தமிழ்ல பேச ஆளில்லீங்கல்ல, அதனால. சில நாளு மார்க்கெட்டு வந்ததுக்கப்புறமும் கதை முடியாதுங்க. இன்னொரு சுத்து சுத்திட்டு வருவேன்."

"அந்த அம்மாதான் உன் மேல..."

"அம்மா என்னைச் சொல்லலீங்க, பெட்டி விழுந்துருச்சுன்னாங்க. போலீஸ்காரங்கதான் புடிச்சாங்க. அம்மா பொய் சொல்ல மாட்டாங்க சாமி. அவங்க பெட்டி இருந்துச்சுன்னா இருந்துருக்கும். எங்கே போச்சுன்னுதான் எனக்குத் தெரியலே."

இப்படி ஒருத்தன். தன் கழுத்துக்கே வரும் சாட்சியைத் தானே தாங்கிப் பிடிக்கிறான்.

கிளம்பும்போது தொட்டையன் கூப்பிட்டான். "சாமி, சித்தையன்கிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. குதிரைக்கு முதுகுல சேணம் பட்டுப் புண்ணு. அடியில மெத்துனு துணி வெக்கச் சொல்லுங்க. அன்னைக்குப் பூராவும் முன்பாரமாவே ஓடுச்சு, பாவம். அம்மாவைப் பின்னாடி தள்ளி உக்காருங்கம்மா, இன்னும் பின்னாடின்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். அப்பவும் பாரம் முதுகுலதான் நின்னுச்சு."

கேசவமூர்த்தி நின்றார். "என்ன சொன்னே? முன்பாரமா?"

"ஆமாங்க."

அவர் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். வெளியே சித்தையன் வண்டியோடு காத்திருந்தான். ஸ்டேஷன் வாசலில் கிடந்த கருங்கல் ஒன்றைக் காட்டி, "அதைத் தூக்கி வண்டிக்குள்ளே பின்னோரத்துல வை" என்றார்.

"பூசணிக்காய் போய்க் கல்லு வந்துச்சுங்களா? நாளைக்கு யானையைத் தூக்கச் சொல்லுவீங்க" என்று முக்கிக்கொண்டே ரத்தினசாமி தூக்கி வைத்தான். "பெட்டிக் கனம் இருக்குதுங்க, சந்தேகமே இல்லே."

"ஏறி நடுவுல உட்கார். சித்தையா, நீயும் ஏறு. வண்டி எப்படி இருக்கு?"

சித்தையன் ஏறி உட்கார்ந்த கையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். "பின்பாரமுங்க. ஏர்க்காலு மேலே தூக்குது. இன்னும் முன்னாடி தள்ளி வாங்க."

"கல்லை இறக்கு. இப்ப?"

"இப்ப முன்பாரம். பின்னாடி போங்க."

ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். முன்னால் பாரம் கூடினால் குதிரையின் முதுகை அமுக்கும், பின்னால் கூடினால் குதிரையைப் பூட்டியிருக்கும் ஏர்க்காலைத் தூக்கிக் குதிரையின் வயிற்றுப் பட்டையை இழுக்கும். அதனால் முன்னே வாங்க, பின்னே போங்க என்பது இந்த ஊர் ஜட்காக்காரர்களின் வாயில் மூச்சு மாதிரி வந்துகொண்டிருக்கும். ஏறுகிறவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

"பின்னோரத்துல பித்தளைப் பெட்டி இருந்திருந்தா தொட்டையன் 'முன்னாடி வாங்கம்மா'ன்னு சொல்லியிருப்பான். அவன் வழியெல்லாம் 'பின்னாடி போங்க'ன்னு சொல்லிண்டு வந்திருக்கான்."

ரத்தினசாமி வண்டியை விட்டு மெதுவாக இறங்கினான். "அப்பன்னா பெட்டி..."

"வண்டியிலே ஏறவே இல்லை."

"அந்த அம்மாவா?" என்றான் ரத்தினசாமி.

அக்ரஹாரத்து வீட்டில் லக்ஷ்மம்மாள் கதவைத் திறந்தபோது அவள் முகம் மலர்ந்தது. துப்பறிகிறவர்கள் வந்தால் யாருக்கும் முகம் அப்படி மலராது.

"வாங்கோ, வாங்கோ! இப்பத்தான் டிகாக்ஷன் இறங்கித்து. ரத்தினசாமி, உனக்குச் சக்கரை தூக்கலாத்தானே?"

இது அவர்கள் இரண்டாம் தடவை வருவது. அதற்குள் அவன் சர்க்கரைக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்குள் அத்தனை சுத்தம். நாலு அறை, நாலிலும் ஆள் நடமாட்டத்தின் அழுக்கு துளி இல்லை. கேசவமூர்த்திக்குத் தன் மாடி அறை நினைவுக்கு வந்தது. அங்கே வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும், நகர்த்த இன்னொரு கை கிடையாது.

முற்றத்து வெயிலில் ஒரு புது மெத்தை காய்ந்துகொண்டிருந்தது.

"மெத்தை புதுசா இருக்கே மாமி" என்றார்.

"புதுசு இல்லே, பழைய பஞ்சுதான். கொட்டி அடிச்சு, உறை மாத்தினேன். நாராயணனுக்குக் கட்டாந்தரையிலே படுத்தா ஆகாது. வரப்போறானோ இல்லியோ, பஞ்சடிக்கிறவனைக் கூப்பிட்டுண்டு வந்து உட்கார வெச்சு..."

"என்னிக்கு அடிச்சான்?"

"போன புதன்கிழமை" என்றாள் லக்ஷ்மம்மாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. பெட்டி போனது அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. பிள்ளை வருகிறேன் என்றது அதற்கும் பிறகு. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டி எங்கே இருக்கு மாமி?" கேசவமூர்த்தியின் குரலில் அதட்டல் இல்லை.

"தளிகை உள்ளுலே. புளிப்பானைக்குப் பின்னாலே" என்றாள். மறைக்க முயற்சிகூடச் செய்யவில்லை. இத்தனை நாள் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள்.

"ஏன் இப்படிப் பண்ணினேள்?"

"அவர் போனபோது வந்தான். அதுக்கப்புறம் வரலை. லீவு இல்லேங்கறான், குழந்தைக்குப் பரீட்சைங்கறான். உடம்பு சரியில்லேன்னா 'டாக்டர்கிட்டப் போ'ங்கறான். அந்த நகை அவன் ஆத்துக்காரிக்குப் போகவேண்டியது. அது போச்சுன்னா ஓடி வருவான்னு பார்த்தேன்." அவள் நிமிர்ந்து கேசவமூர்த்தியைப் பார்த்தாள். "அவன் வருவான்னு பார்த்தேன், நீங்க வந்தேள்."

தானாக நகராத பொருளை நகர்த்த வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவர் கேசவமூர்த்தி. இங்கே ஒரு தாய் தன்னிடமிருந்த கடைசி விசையைப் பிரயோகித்துப் பார்த்திருக்கிறாள். கல்கத்தாவில் அது ஒரு தந்தி தூரம்தான் அவனை அசைத்திருக்கிறது. வந்த எரிச்சலெல்லாம் அந்தத் திருநாராயணன் மேல்தான் வந்தது.

"தொட்டையனைப் பிடிப்பான்னு நான் நினைக்கவே இல்லை" என்றாள். "தெருவிலே விழுந்துடுத்துன்னா யாரோ எடுத்துண்டு போயிட்டாங்கற மட்டோட நிக்கும்னு நினைச்சேன். அவனைக் கொண்டு போனதும் எனக்குச் சோறு இறங்கலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... நாளைக்கு நாராயணன் ரயில் ஏறிடுவானே. ஏறினப்புறம் சொல்லிடலாம்னு இருந்தேன்."

அவள் கேட்காமல் கேட்டது கேசவமூர்த்திக்குப் புரிந்தது. ஒரே ஒரு நாள். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மெத்தையில் ஒருத்தன் படுப்பான். அவர் மனசும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது, பொய் சொல்வானேன்.

ரத்தினசாமிதான் பேசினான். "ஊருலேர்ந்து வர்ற ஒறம்பரைக்கு மெத்தை போட்டாச்சுங்கம்மா, நல்லதுங்க. ஆனா தொட்டையன் வெறுந்தரையில படுத்துருக்கானுங்க. நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்திட்டா அப்புறம் நீங்க சொன்னாலும் ஊரு வாயை மூட முடியாதுங்க. அவன் என்ன சொல்றான் தெரியுமுங்களா? அம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்றான்."

லக்ஷ்மம்மாள் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது.

"முதல்லே தந்தி அடிச்சுடுங்கோ" என்றாள். "பெட்டி கிடைச்சுது, வர வேண்டாம்."

"வர வேண்டாம்னு எழுதணுமா மாமி? பெட்டி கிடைச்சுதுன்னா போதாதா?"

"எழுதாட்டாலும் வரப்போறதில்லை. நான் வேண்டாம்னு சொன்னதாலே வரலைன்னு இருக்கட்டும்."

ரத்தினசாமி தந்தி ஆபீசுக்குப் போனான். போகும்போது முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஸ்டேஷனுக்குச் சித்தையனின் வண்டியில் போகும்போது கேசவமூர்த்தி தணிந்த குரலில் சொன்னார்: "மாமி, ஆத்துலேயே மறந்து வெச்சுட்டேன்னு சொல்லிடுங்கோ. எடுத்துண்டதா நினைச்சேன், வயசாச்சு, ஞாபகம் பிசகிப்போச்சுன்னு. இன்ஸ்பெக்டர் ஒத்துப்பார். தொட்டையனும் வெளியே வந்துடுவான். உங்களுக்கும் தலைகுனிவு இல்லை." துப்பறிகிற தொழிலில் இப்படி ஒரு யோசனை சொல்வது தவறுதான். ஆனாலும் சொன்னார், அந்த அம்மாளுக்கு மிச்சம் ஏதாவது இருக்கட்டும் என்று. அவள் தலையாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் பசவராஜ் மேஜை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார், கேசவமூர்த்தியைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"ஆத்துலேயே இருந்துது" என்றாள் லக்ஷ்மம்மாள். "நான் எடுத்துண்டு வந்ததா நினைச்சுண்டு... வயசாச்சு."

"என்னம்மா இது!" என்று தலையில் கை வைத்தார் இன்ஸ்பெக்டர். "நாளைக்குக் கோர்ட்டு! மேஷ்ட்ரே, பூசணிக்காயெல்லாம் உடைச்சீங்களே!" எரிச்சல் தீர நாலு வார்த்தை முணுமுணுத்துவிட்டு, லாக்கப்பைத் திறக்கச் சொன்னார்.

தொட்டையன் வெளியே வந்தான். கண் கூசியது. பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் பூராவும் சிரிப்பாயிற்று.

"நாந்தான் சொன்னேனுங்களே!" என்று இன்ஸ்பெக்டரிடமே சொன்னான். "அம்மா மறந்துட்டாங்க, அவ்வளவுதானுங்க. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேனுங்களே. மறதிங்கறது யாருக்கும் வரும். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கம்மா. வாங்க, நானே கொண்டுபோய் உடறேன்."

கேசவமூர்த்தி மூச்சுவிட்டார். காரியம் முடிந்தது, யாருக்கும் சேதம் இல்லை.

லக்ஷ்மம்மாள் நகரவில்லை. "தொட்டையா" என்றாள், "நான் மறக்கலைப்பா."

"மாமி..." என்று தடுக்கப் பார்த்தார் கேசவமூர்த்தி.

"மறக்கலை. நான்தான் ஒளிச்சு வெச்சேன். பெட்டி வண்டியிலே ஏறவே இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டேதான் கத்தினேன். நாராயணன் வருவான்னு பண்ணினேன். உன்னைப் பிடிச்சப்பவும் வாயைத் திறக்காம இருந்தேன். என்னை மன்னிச்சுடுப்பா."

தொட்டையனின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கேசவமூர்த்திக்குக் கஷ்டமாக இருந்தது.

"தெரிஞ்சேவாங்கம்மா?" என்றான்.

"தெரிஞ்சேதான்."

அவன் கத்துவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கத்தியிருந்தால் தேவலை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டான்.

"அடிச்சாங்கம்மா. அது பெரிசில்லீங்க. சோறு எறங்கல, அதுவும் பெரிசில்லீங்க. உங்க மேல ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு உள்ளே உக்காந்துக்கிட்டுச் சண்டை போட்டேன் பாருங்க, அதைத்தான் நெனைச்சுக்கிறேன்." கும்பிட்டான். இவ்வளவுக்குப் பிறகும் கும்பிட்டான். "இனிமே வெள்ளிக்கிழமைக்கு வேற வண்டி பாத்துக்கோங்கம்மா. நான் வரலே."

தம்பியின் வண்டியில் ஏறிக்கொண்டான். சித்தையன் இவர்களைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் லக்ஷ்மம்மாள் வாசலிலேயே நின்றாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே ஏதோ கத்திக்கொண்டிருந்தார், பொய்ப் புகார், கேஸ், மேலதிகாரி என்று. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேசவமூர்த்தி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஸ்டாண்டில் நாலைந்து ஜட்காக்கள் நின்றன. சேதி அதற்குள் அங்கே போய்விட்டது. ஒருத்தன் குதிரைக்குக் கொள்ளுப் பையை மாட்டினான், இன்னொருத்தன் வேறு பக்கம் பார்த்தான். யாரும் 'ஏறுங்கம்மா' என்று சொல்லவில்லை.

"நடக்கலாமா மாமி? மெதுவாப் போலாம்."

அவள் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், யாரிடம் சொல்கிறோம் என்ற நினைவே இல்லாமல் சொன்னாள்.

"வராதவனையே நினைச்சு நினைச்சு அழுதேன். இவன் வாரா வாரம் வந்துண்டுதானே இருந்தான். எனக்கு அது கண்ணுலேயே படலையே."

கேசவமூர்த்தி அவளுடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, பெட்டியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அக்ரஹாரம் இன்னும் தூரம் இருந்தது.